லாக் எழுதியும் காரணம் தெரியவில்லை: சொல்லாமல் மறைந்துபோகும் பில்லிங் சாஃப்ட்வேர்

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

கொங்குப் பகுதியில் மளிகை, காய்கறி மொத்தக் கடைகளுக்குத் தனி ஆளாக பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் வாசகர் எழுதியிருக்கிறார். சி ஷார்ப், விண்டோஸ் ஃபார்ம்ஸ், டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.7.2, 32-பிட். தரவு எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில். மின்னணுத் தராசு யூஎஸ்பி-சீரியல் கேபிள் வழியாக வருகிறது. ஒரு தெர்மல் பிரிண்டரும் உண்டு.

மூன்று கடைகளில் மட்டும் நாளுக்கு ஒன்றிரண்டு முறை, பெரும்பாலும் மாலைக் கூட்டத்தில், எந்த எரரும் காட்டாமல் சாஃப்ட்வேர் மறைந்துவிடுகிறது. அவருடைய கணினியில், விஷுவல் ஸ்டுடியோவில் ஓட்டும்போது ஒருநாளும் இப்படி நடந்ததில்லை. மெயின் ஃபங்ஷனில் அப்ளிகேஷன்.ரன் வரியைச் சுற்றி ட்ரை-கேட்ச் (எரரைப் பிடிக்கும் கட்டு) போட்டார். ஃபைல்.அப்பெண்ட்ஆல்டெக்ஸ்ட் மூலம் புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள தன் ஃபோல்டரிலேயே லாக் (நடப்பதைப் பதியும் குறிப்பு) எழுத வைத்தார். ஒரு கடையில் அந்த லாக் ஃபைலே காணோம். இன்னொரு கடையில் வரிகள் ஏராளம், கிராஷ் பற்றி ஒரு வரி இல்லை. மூன்றாவது கடையில் லாக் சேர்த்த பிறகு தொல்லை கூடிவிட்டது என்கிறார்கள்.

அவருடைய கேள்விகள்: ஒவ்வொரு வரிக்கும் லாக் போடலாமா? எல்லா ஃபங்ஷனிலும் கேட்ச் போட்டு எரரை விழுங்கிவிட்டால் மூடாமல் ஓடுமா? ஆன்டிவைரஸ் வேலையாக இருக்குமா? கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார், அவரிடம் என்ன சொல்வது?

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

லாகிங் தேவை என்று நீங்கள் முடிவெடுத்தது சரி. ஆனால் செத்துப்போகும் புரோகிராம் தன் சாவைத் தானே எழுதி வைக்கும் என்று நம்பியிருக்கிறீர்கள். சில வகைக் கிராஷில் அது நடக்கும், சிலவற்றில் நடக்கவே நடக்காது. அதனால் லாகை மெருகேற்றும் முன், உங்களுடையது எந்த வகை என்று பிரித்தறிய வேண்டும். உங்கள் கடிதத்திலேயே அதற்குப் பாதி விடை இருக்கிறது.

முதல் துப்பு, எரர் செய்தி வராதது. விண்டோஸ் ஃபார்ம்ஸில் பட்டனை அழுத்தும்போதோ கிரிடில் டைப் செய்யும்போதோ, அதாவது திரையை இயக்கும் முதன்மை த்ரெட்டில் (த்ரெட் என்பது புரோகிராமுக்குள் இணையாக ஓடும் ஒரு வேலை இழை), எக்செப்ஷன் (ஓடும்போது எழும் எரர்) வந்தால் ஃபிரேம்வொர்க் அதைத் தானே பிடித்து 'கன்டினியூ', 'குயிட்' பட்டன்கள் உள்ள பெட்டியைக் காட்டும். உங்கள் மெயினில் உள்ள கேட்ச் வரை அது வந்து சேராது. விஷுவல் ஸ்டுடியோவின் டீபக்கர் இணைந்திருக்கும்போது மட்டும் ஃபிரேம்வொர்க் ஒதுங்கிக்கொள்கிறது. எக்செப்ஷன் மெயின் வரை ஏறி வரும். உங்கள் மேசையில் சோதித்தால் அந்த ட்ரை-கேட்ச் ஒழுங்காக வேலை செய்வதும் கடையில் ஊமையாகிப் போவதும் இதனால்தான்.

கடையில் அந்தப் பெட்டியே வரவில்லை என்றால் பிரச்சினை பெரும்பாலும் வேறு த்ரெட்டில், அல்லது டாட் நெட்டுக்கு வெளியே, டிரைவர் போன்ற நேட்டிவ் கோடில் இருக்கிறது. டாட் நெட் 2.0 முதல், எந்த த்ரெட்டில் எக்செப்ஷன் பிடிபடாமல் போனாலும் மொத்த புரோகிராமும் மூடப்படும். விண்டோஸ் 10-இல் 'ஸ்டாப்டு வொர்க்கிங்' பெட்டியும் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. கல்லாவில் நிற்பவருக்குத் திரை மறைந்தது மட்டும்தான் தெரியும்.

புரோகிராம் கோடைத் தொடும் முன்: விண்டோஸ் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பது

நீங்கள் ஒரு வரியும் எழுதாமலே அந்த மூன்று கணினிகளிலும் ஒரு பதிவு இருக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதன் கீழ் அப்ளிகேஷன் பகுதிக்குப் போங்கள். ஃபில்டரில் 1000, 1001, 1002, 1026 ஆகிய எண்களைக் கொடுங்கள்.

1026 என்பது டாட் நெட் ரன்டைம் எழுதுவது. பிடிபடாத எக்செப்ஷனின் வகையும் ஸ்டாக் ட்ரேஸும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) அதிலேயே இருக்கும். பல சமயம் தேடல் இங்கேயே முடிந்துவிடும். லாகிங் லைப்ரரி எதுவென்று யோசிக்கும் வேலையே வராது. 1000-இல் எந்த மாட்யூலில் விழுந்தது என்பதும் எக்செப்ஷன் கோடும் இருக்கும். கோடு 'இ0434352' என்றால் சாதாரண டாட் நெட் எக்செப்ஷன். 'சி0000005' என்றால் நினைவக அத்துமீறல். மாட்யூல் பெயர் பிரிண்டர் டிரைவருடையதா என்று பாருங்கள். 'சி00000எஃப்டி' ஸ்டாக் நிரம்பி வழிந்தது, அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே முடிவில்லாமல் அழைத்திருக்கிறது. 'சி0000374' ஹீப் (புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகப் பகுதி) சிதைவு. இதில் விழுந்த இடமும் கெட்ட இடமும் வேறு வேறாக இருக்கும் என்பதால் காட்டப்படும் மாட்யூலை உடனே குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். 1002 என்றால் கிராஷ் ஆகவில்லை, உறைந்து நின்றிருக்கிறது; யாரோ பொறுமையிழந்து மூடியிருக்கிறார்கள்.

இந்த எண்கள் எதுவும் அந்த நேரத்தில் இல்லையென்றால் சிஸ்டம் லாகில் 41 (கெர்னல்-பவர்), 6008 ஆகியவற்றைத் தேடுங்கள். இரண்டும் முறையாக ஷட்டவுன் ஆகாமல் கணினி அணைந்ததைச் சொல்பவை. யூபிஎஸ் பேட்டரி போன கடையில் 'சாஃப்ட்வேர் மூடிக்கொண்டது' என்ற புகாரும் 'கரண்ட் போனது' என்ற புகாரும் ஒரே சொற்களில் வரும்.

ஆன்டிவைரஸ் சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் டிஃபெண்டர் ஒன்றைத் தடுத்தால் அதன் ஆப்பரேஷனல் லாகில் 1116, 1117 என்ற எண்களில் எழுதும். அவை இல்லாதவரை அதைக் குற்றம் சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை.

அப்ளிகேஷன் லாகின் இயல்பான கொள்ளளவு 20 எம்பி. நிரம்பினால் பழையது அழியும். கிராஷ் ஆன அன்றே அதை ஃபைலாகச் சேமித்து அனுப்பச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு இது கடினமென்றால் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடித் திறந்து, சிவப்புக் குறி உள்ள நாளைப் படமெடுத்து அனுப்பினாலும் தொடங்குவதற்குப் போதும்.

உங்கள் லாகரே சந்தேகத்துக்குரியது

மூன்றாவது கடையில் கிராஷ் கூடியது தற்செயலாக இருக்காது. ஃபைல்.அப்பெண்ட்ஆல்டெக்ஸ்ட் ஒவ்வொரு முறையும் ஃபைலைத் திறந்து, எழுதி, மூடுகிறது. அது திறந்திருக்கும் கணத்தில் இன்னொரு த்ரெட் எழுத வந்தால் 'ஃபைல் வேறொரு புராசஸால் பயன்படுத்தப்படுகிறது' என்று ஐஓஎக்செப்ஷன் வரும். தராசிலிருந்து எடை வாங்கும் த்ரெட்டில் அது நடந்தால், பிடிக்க யாருமில்லாமல் மொத்த புரோகிராமும் விழும். ஒவ்வொரு வரிக்கும் லாக் போட்டால் இந்த மோதலுக்கான வாய்ப்பைத்தான் பெருக்குவீர்கள். கூட்ட நேரத்தில் வேகமும் குறையும்.

முதல் கடையில் ஃபைல் இல்லாததற்குக் காரணம் அனுமதி. புரோகிராம் ஃபைல்ஸில் சாதாரணப் பயனர் எழுத முடியாது. நேராக மறுக்கப்பட்டிருந்தால் முதல் லாக் வரியிலேயே எக்செப்ஷன் வந்திருக்கும். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை என்பதால், மேனிஃபெஸ்ட் (எந்த அனுமதியோடு ஓட வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) இல்லாத 32-பிட் புரோகிராம் என்று கருதி விண்டோஸ் அதை வேறிடத்துக்குத் திருப்பியிருக்கலாம். அந்தப் பயனரின் லோக்கல் ஆப்டேட்டா ஃபோல்டரில் விர்ச்சுவல்ஸ்டோர் என்பதற்குள் பாருங்கள். மற்ற இரு கடைகளில் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்கிறார்களோ என்றும் கேளுங்கள்.

இனி லாகை லோக்கல் ஆப்டேட்டாவில் உங்கள் சாஃப்ட்வேர் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி எழுதுங்கள். எல்லோருக்கும் பொதுவாக புரோகிராம்டேட்டாவில் வைப்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு பயனர் உருவாக்கிய ஃபைலில் இன்னொரு சாதாரணப் பயனர் எழுத முடியாது என்பதை மறந்துவிட்டு, காலை ஷிஃப்டின் லாக் மட்டும் கிடைத்ததென்று குழம்புவார்கள்.

சொந்தமாக லாகர் எழுத வேண்டாம். செரிலாக், என்லாக், லாக்4நெட் என்ற ஆயத்த லைப்ரரிகளில் எதுவானாலும் பல த்ரெட்களிலிருந்து எழுதுவதைத் தாங்கும். செரிலாக் எடுத்தால் அதன் ஃபைல் சிங்கை (லாக் வரிகள் போய்ச் சேரும் இடத்தை அது சிங்க் என்கிறது) நாளுக்கொரு ஃபைல் என்று வையுங்கள். இயல்பாக 31 ஃபைல்களை வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். ஒரு ஃபைலின் இயல்பான வரம்பு 1 ஜிபி. அதை எட்டியதும் அடுத்த நாள் வரை எழுதுவதையே நிறுத்திவிடும். ஆகவே வரம்பை 10 எம்பி ஆக்கி, 'ரோல்ஆன்ஃபைல்சைஸ்லிமிட்' தெரிவை ட்ரூ செய்யுங்கள். 31 என்ற எண்ணையும் அதற்கேற்ப உயர்த்துங்கள், இல்லாவிட்டால் பரபரப்பான கடையில் நான்கைந்து நாள் லாக்தான் மிஞ்சும்.

வேகம் என்று சொல்லி 'அசிங்க்' சிங்கைப் பரிந்துரைப்பவர்கள் இருப்பார்கள். கிராஷ் தேடும் காலத்தில் அதைத் தொடாதீர்கள். வரிகள் நினைவகத்தில் வரிசையில் நிற்கும்போது புரோகிராம் விழுந்தால், உங்களுக்கு வேண்டிய கடைசி வரிகளே போய்விடும். பஃபர் இல்லாமல் எழுதியது புரோகிராம் இறந்தாலும் விண்டோஸ் கையில் பத்திரமாக இருக்கும்; கரண்ட் போனால் மட்டும் கடைசிச் சில வரிகள் தொலையலாம்.

எங்கெங்கே காவல் வைப்பது

மெயினின் தொடக்கத்தில், எந்த ஃபார்மும் உருவாகும் முன், செட்அன்ஹேண்டில்டுஎக்செப்ஷன்மோட் என்பதை 'கேட்ச்எக்செப்ஷன்' என்று வைத்து, அப்ளிகேஷன்.த்ரெட்எக்செப்ஷன் ஈவென்டுக்கு ஒரு ஹேண்ட்லர் (அது நிகழும்போது ஓடும் ஃபங்ஷன்) கொடுங்கள். திரை த்ரெட்டின் எக்செப்ஷன்கள் இங்கே வரும். ஃபார்மில் நீங்கள் எழுதிய அசிங்க் வாய்ட் ஹேண்ட்லர்களுடையதும் இங்கேதான் வந்து சேரும்.

அடுத்து, ஆப்டொமைனின் அன்ஹேண்டில்டுஎக்செப்ஷன் ஈவென்ட். மற்ற த்ரெட்களில் பிடிபடாமல் போனவை இதில் தெரியும். இது தகவல் சொல்வதற்கு மட்டுமே, சாவைத் தடுக்காது. உள்ளே செய்ய வேண்டியது இரண்டு: எக்செப்ஷனை முழுதாக எழுதுவது, லாகரை ஃப்ளஷ் செய்து (மிச்ச வரிகளை ஃபைலுக்குத் தள்ளி) மூடுவது. மூன்றாவதாக டேட்டாபேஸில் எழுதலாம், மெயில் அனுப்பலாம் என்று ஆசைப்படாதீர்கள். அந்த நிலையில் எது வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

டாஸ்க்ஷெட்யூலரின் அன்அப்சர்வ்டுடாஸ்க்எக்செப்ஷனையும் (பின்னணி டாஸ்கில் யாரும் கவனிக்காமல் விட்ட எக்செப்ஷனைச் சொல்வது) இணைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிலிருந்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள். டாட் நெட் 4.5 முதல் இவை புரோகிராமை மூடுவதில்லை. கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத நினைவகத்தை மீட்கும் பகுதி) ஓடும்போதுதான் ஈவென்ட் வரும், அதனால் லாகில் தெரியும் நேரம் உண்மையில் நடந்த நேரத்துக்கு வெகுவாகப் பிந்தியதாக இருக்கலாம்.

டைமர்களில் ஒரு பொறி இருக்கிறது. சிஸ்டம்.டைமர்ஸ் வகையின் டைமர், டாட் நெட் ஃபிரேம்வொர்க்கில், எலாப்ஸ்டு ஹேண்ட்லரில் வரும் எக்செப்ஷனைத் தானே விழுங்கிவிடும். வேலை நின்றுபோனதே தெரியாது. சிஸ்டம்.த்ரெடிங் வகையின் டைமரில் அதே எக்செப்ஷன் புரோகிராமைக் கொல்லும். எதைப் பயன்படுத்தினாலும் அதன் உட்பகுதி முழுவதையும் ட்ரை-கேட்சில் வைத்து லாக் செய்யுங்கள்.

இத்தனையும் போட்டபின்னும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவோ நினைவக அத்துமீறலோ வந்தால் ஒரு ஹேண்ட்லரும் ஓடாது. அதற்காகத்தான் லாகில் தடயங்களை முன்கூட்டியே விட்டுச் செல்ல வேண்டும்.

என்ன எழுதுவது

ஒவ்வொரு வேலைக்கும் 'தொடக்கம்', 'முடிவு' என்று இரண்டு வரி. பில் சேமிப்பு, பிரிண்ட், சீரியல் போர்ட் திறப்பு, போர்ட் மூடல், பேக்கப்: இவ்வளவு போதும். கிராஷுக்கு முந்தைய வரிகளில் முடிவில்லாத தொடக்கம் எது என்று பார்த்தால் இடம் சுருங்கிவிடும். வரியில் மில்லிசெகண்ட் வரை நேரமும் த்ரெட் எண்ணும் கட்டாயம்.

புரோகிராம் தொடங்கும்போது ஒரு தலைப்பு வரி: உங்கள் சாஃப்ட்வேர் பதிப்பு எண், விண்டோஸ் பதிப்பு, நினைவகம், வட்டார அமைப்பு. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியும். ஆனால் ஒரு கடையின் கணினி அமெரிக்கத் தேதி முறையில் இருந்தால், நாள்-மாதம்-ஆண்டு என எழுதிய தேதியைப் பிரிக்கும் கோடு 12ஆம் தேதி வரை தவறான தேதியோடு ஓடிவிட்டு 13ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை உடையும். 'மாதக் கடைசியில்தான் சார் பிரச்சினை' என்ற புகார் வந்தால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

முறையாக மூடும்போது 'இயல்பாக மூடப்பட்டது' என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை திறக்கும்போது அந்த வரி இல்லையென்றால், 'முந்தைய அமர்வு இயல்பாக முடியவில்லை' என்று புரோகிராமே பதிவு செய்யட்டும். நாளுக்கு எத்தனை கிராஷ் என்ற கணக்கு கடைக்காரர் நினைவிலிருந்து வர வேண்டியதில்லை.

எக்செப்ஷனை எழுதும்போது மெசேஜ் மட்டும் போதாது. டூஸ்ட்ரிங் கொடுத்தால்தான் உள் எக்செப்ஷன்களும் ஸ்டாக் ட்ரேஸும் வரும். கேட்சுக்குள் 'த்ரோ இஎக்ஸ்' என்று எழுதியிருந்தால் வெறும் 'த்ரோ' என்று மாற்றுங்கள். முந்தையது ட்ரேஸை அந்த இடத்திலிருந்து புதிதாகத் தொடங்கி, உண்மையான இடத்தை மறைத்துவிடும். பிடிபி ஃபைலையும் (கம்பைல் செய்யும்போது எக்ஸியுடன் உருவாகும், வரி விவரம் உள்ள ஃபைல்) கடைக்கு அனுப்பினால் வரி எண் கிடைக்கும். ஒவ்வொரு வெளியீட்டின் பிடிபியையும் பதிப்பு வாரியாகச் சேமித்து வையுங்கள். மறுபடி கம்பைல் செய்து கிடைப்பது பழைய எக்ஸியுடன் பெரும்பாலும் பொருந்தாது.

ஏன் மாலையில் மட்டும்?

நீங்கள் சொன்னதை வைத்து எனக்கு இரண்டு சந்தேகங்கள். லாக் இவற்றைத்தான் முதலில் உறுதி செய்யவோ ஒதுக்கவோ வேண்டும்.

ஒன்று, தராசு. சீரியல்போர்ட்டின் டேட்டாரிசீவ்டு ஹேண்ட்லர் திரை த்ரெட்டில் ஓடுவதில்லை. ஒருமுறை அது அழைக்கப்படும்போது முழு எடை வந்திருக்கும் என்ற உறுதியும் கிடையாது. '12.450' என்பது '12.' என்றும் '450' என்றும் இரண்டு துண்டாக வரலாம். இரண்டு எடைகள் ஒட்டிக்கொண்டும் வரலாம். வந்ததை அப்படியே எண்ணாக மாற்றினால் சில நேரம் தவறான எடை, சில நேரம் ஃபார்மெட்எக்செப்ஷன். பொருட்கள் அடுத்தடுத்துத் தராசில் ஏறும் மாலையில் இது கூடுவது இயல்பு. தவறான எடை கிராஷை விட மோசம் என்பதையும் கவனியுங்கள். வருவதை ஒரு பஃபரில் சேர்த்து, வரி முடிவுக் குறி வந்த பிறகே பிரிக்க வேண்டும்; மாற்றுவதற்கு ட்ரைபார்ஸ் (எண்ணாக மாறாவிட்டால் எக்செப்ஷன் எழுப்பாதது). திரைக்கு அனுப்ப இன்வோக் (வேலை முடியும் வரை காத்திருப்பது) வேண்டாம், பிகின்இன்வோக் (காத்திராமல் நகர்வது). இன்வோக் காத்திருக்கும் நேரத்தில் திரை த்ரெட் போர்ட்டை மூட முயன்றால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். அந்த 1002 அப்படித்தான் வரும்.

கேபிள் தளர்ந்தாலோ மின்சேமிப்புக்காக விண்டோஸ் யூஎஸ்பி-யை உறங்க வைத்தாலோ போர்ட் திடீரென்று காணாமல் போகும். டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் 'மின்சாரம் சேமிக்க அணைக்கலாம்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

மற்றொன்று, கசிவு. விண்டோஸ் ஒரு புராசஸுக்கு இயல்பாக 10,000 ஜிடிஐ ஆப்ஜெக்ட் (வரைவதற்குப் பயன்படும் படம், எழுத்துரு போன்றவை) வரைதான் தரும். பில்லில் லோகோவோ கியூஆர் படமோ வரைய கெட்ஹெச்பிட்மேப் அழைத்து, டெலிட்ஆப்ஜெக்ட் அழைக்காமல் விட்டால் ஒவ்வொரு பில்லும் கொஞ்சம் தின்னும். பில்லுக்கு 20 வீதம் என்றால் ஏறக்குறைய 500 பில்லில் எல்லை வந்துவிடும். காலையில் திறந்த கடைக்கு அது மாலையாகத்தான் இருக்கும். ஜிடிஐ ஆப்ஜெக்ட் தீர்ந்தபின் எரர் பெட்டியை வரையவே முடியாமல் போகலாம் என்பதால், 'செய்தி வரவில்லை' என்ற துப்பு இங்கே மட்டும் உங்களைத் திசை மாற்றும். டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பகுதியில் 'ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்', 'யூசர் ஆப்ஜெக்ட்ஸ்' பத்திகளைச் சேர்த்துக் காலையில், மதியம், மாலையில் பார்க்கச் சொல்லுங்கள்; கோடே வேண்டாம். லாகிலும் 5 நிமிடத்துக்கொருமுறை இந்த இரண்டு எண்ணும் நினைவகமும் பதியட்டும். எண்கள் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் காரணம் கிடைத்துவிட்டது.

எல்லா எரரையும் விழுங்குவது

வேண்டாம். சரக்கிருப்பு கழிந்து பில் சேமிக்கப்படாமல் போனால் புரோகிராம் மூடாது, கணக்கு மூடிவிடும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் நேரத்தில்தான் தெரியவரும். பில் சேமிப்பை ஒரே டிரான்சாக்ஷனில் (முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) வையுங்கள். திரை த்ரெட்டில் எதிர்பாராத எக்செப்ஷன் வந்தால் எழுதிவிட்டு, கல்லாவில் இருப்பவருக்குப் புரியும் தமிழில் 'கடைசி பில் சேமிக்கப்பட்டதா என்று சரிபார்க்கவும்' என்று காட்டி, மூடித் திறக்கச் சொல்வதே பாதுகாப்பு. தராசு இணைப்பு போனதும் பிரிண்டரில் பேப்பர் தீர்ந்ததும் எதிர்பார்க்கக்கூடியவை. அவற்றைத் தனித்தனியே பிடித்து, எடையைக் கையால் அடிக்க வழிவிட்டுத் தொடரலாம்.

கடைக்காரரின் பணமும் தரவும்

பணத்தைத் திருப்பித் தருவது உங்கள் ஒப்பந்தத்தையும் உறவையும் பொறுத்தது. அதில் நான் முடிவு சொல்ல முடியாது. இரண்டு வார அவகாசம் கேளுங்கள். வெறுமனே கேட்காமல், ஈவென்ட் வியூவர் பதிவையும் எந்தெந்த நேரத்தில் விழுந்தது என்ற பட்டியலையும் காட்டிக் கேளுங்கள். எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் புதிய பதிப்பைப் போட வேண்டாம். தொல்லை அதிகமான ஒரு கடையில் முதலில் போடுங்கள்.

லாகில் வாடிக்கையாளர் பெயர், முழுக் கைப்பேசி எண், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எதுவும் இருக்கக் கூடாது. பில் எண் போதும். அடையாளம் வேண்டுமென்றால் கைப்பேசி எண்ணின் கடைசி 4 இலக்கம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவுக்குத் தகுந்த பாதுகாப்பு தரச் சொல்கிறது. அதில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சிறு கடைக்கு அவ்வளவு வரப்போவதில்லை என்று நினைத்தாலும், லாக் ஃபைல் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஊரில் எச்சரிக்கை நல்லது.

லாகும் ஈவென்ட் வியூவரும் கைவிட்டால் கடைசி ஆயுதம் டம்ப். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ப்ராக்டம்ப் இலவசம். முழு நினைவகம் (எம்ஏ), பிடிபடாத எக்செப்ஷன் (இ), புரோகிராம் தொடங்கும் வரை காத்திரு (டபிள்யூ) ஆகிய மூன்று தெரிவுகளோடு ஓடவிட்டால், விழும் கணத்தில் புரோகிராமின் நினைவகத்தை அப்படியே ஃபைலாக்கும். அதை உங்கள் கணினியில் விஷுவல் ஸ்டுடியோவிலோ வின்டீபக்கிலோ, அதே பதிப்பின் பிடிபி-யுடன் திறக்கலாம். அந்த ஃபைலில் திரையிலிருந்த பில், வாடிக்கையாளர் எண், கனெக்ஷன் ஸ்ட்ரிங் எல்லாம் இருக்கும். எனவே கடைக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பென் டிரைவில் நேரில் எடுத்து வாருங்கள், காரணம் தெரிந்ததும் இரு பக்கமும் அழித்துவிட்டு அந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.